மகளுக்குள் இருந்த இரும்பு

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்த இயந்திரம் நின்றுபோனாலும், அதைத் திறந்து பார்ப்பதற்கு முன்னால் அதை ஓட்டிக்கொண்டிருந்த ஆளைத் திட்டிவிடுவேன். மலேசியாவில், பினாங்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம் புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் இருபது வருஷமாக இயந்திரங்களைப் பழுதுபார்ப்பது என் வேலை. இத்தனை வருஷத்தில் என் வாயில் விழாத ஆள் அங்கே கிடையாது. திட்டி முடித்துவிட்டுத் திறந்து பார்த்தால், பாதி நேரம் ஆள் மேல் தப்பே இருக்காது. பெல்ட் தேய்ந்திருக்கும், இல்லையென்றால் எண்ணெய் வற்றியிருக்கும். அதற்காக மன்னிப்புக் கேட்டதும் இல்லை. கேன்டீனில் நுரை பொங்க ஆற்றிய தேநீர், ஒரு தே தாரே, வாங்கிக் கொடுத்துச் சமாளித்துவிடுவேன்.

என் சின்ன மகள் எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது திடீரென்று வெளுத்துப்போனாள். பால் குடிக்க மாட்டாள், வயிறு மட்டும் உப்பிக்கொண்டே வந்தது. அன்றைக்கும் அந்தப் பழக்கம்தான் முந்திக்கொண்டது. என் மனைவியைத் திட்டினேன். நீ வேளைக்குச் சாப்பிடுவதில்லை, அதனால்தான் பாலில் சத்தில்லை என்று கத்தினேன். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். நாங்கள் இருக்கும் டத்தோ கிராமாட் வீட்டிலிருந்து பெரிய மருத்துவமனை ரொம்பத் தூரம் இல்லை. நானும் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போனேன்.

தலசீமியா என்றார்கள். நான் அதற்கு முன் கேள்விப்படாத பெயர். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜைதான் இரத்தத்தை உண்டாக்குகிறது. இந்தக் குழந்தையின் மஜ்ஜை உண்டாக்கும் இரத்தம் சரியாக அமைவதில்லை, சீக்கிரமே அழிந்துவிடுகிறது. ஆகவே மூன்று வாரத்துக்கோ நான்கு வாரத்துக்கோ ஒரு முறை வேறொருவருடைய இரத்தத்தை ஏற்ற வேண்டும், ஆயுள் முழுக்க என்று டாக்டர் சொன்னார். அவர் சீனப் பெண்மணி, நிதானமாக மலாயில் பேசினார். அம்மா, அப்பா இரண்டு பேரிடமும் இந்தக் குறை மறைந்திருந்தால்தான் பிள்ளைக்கு இப்படி வரும் என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“எங்க பரம்பரையில யாருக்கும் இந்த மாதிரி ஒண்ணும் கிடையாது,” என்று தமிழிலேயே கத்திவிட்டேன்.

என் மனைவி தலையைக் குனிந்தபடியே, “உங்க பரம்பரையும் என் பரம்பரையும் ஒண்ணுதானேங்க,” என்றாள்.

அவள் என் தாய்மாமன் மகள். ஜாதகம் பார்த்து, பத்துக்கு எட்டுப் பொருத்தம் என்று சொல்லித்தான் எங்களுக்குக் கல்யாணம் செய்து வைத்தார்கள். இரத்தத்தைப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. எங்கள் இரண்டு பேர் இரத்தத்தையும் சோதித்தபோது டாக்டர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. மூத்த மகளுக்கு ஒன்றும் இல்லை. சின்னவளுக்கு எங்கள் இருவரிடமிருந்தும் சேர்ந்து வந்துவிட்டது.

அப்புறம் அது ஒரு வாழ்க்கையாகவே ஆகிவிட்டது. இரத்தம் ஏற்றும் நாளுக்கு இரண்டு நாள் முன்னால் சின்னவள் சோபாவில் சுருண்டு படுத்துக்கொள்வாள். ஏற்றிவிட்டு வந்த மறுநாள் வீட்டைத் தலைகீழாகப் புரட்டுவாள். “இவளுக்கு ரத்தம் ஏத்திட்டு வந்தா எனக்குத்தான் அடி விழுது லா,” என்று மூத்தவள் புகார் சொல்வாள். இரண்டு பேருக்கும் நான்கு வயது வித்தியாசம். சண்டையில் அது தெரியாது.

ஒவ்வொரு பை இரத்தமும் தன்னோடு கொஞ்சம் இரும்பையும் கொண்டுவரும். அதை வெளியே தள்ள உடம்புக்குத் தெரியாது. கல்லீரலிலும் இருதயத்திலும் போய்த் தங்கிவிடும். இதையெல்லாம் வார்டில் இருந்த தமிழ் மிஸ்ஸி எங்களுக்கு விளக்கினார். எங்கள் ஊரில் நர்ஸை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். இரும்பை வெளியேற்ற ஒரு மாத்திரை. அதைக் காலையில் வெறும் வயிற்றில், தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். கொடுத்து அரை மணி நேரம் கழித்துத்தான் சாப்பாடு. ஈரல், மண்ணீரல், சத்து டானிக் எதுவும் கூடாது.

“பிள்ளைக்கு ரத்தம் இல்லன்னு ஆளுக்கொண்ணு சொல்வாங்க அண்ணே. காதுல வாங்காதீங்க. இவளுக்கு இரும்பு கொறையல, ஜாஸ்தி,” என்றார் மிஸ்ஸி.

என் மனைவி ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி. சொன்னதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். நான் ஒரு காதால் கேட்டுக்கொண்டு, கார் நிறுத்திய இடத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

சின்னவளுக்கு ஐந்து வயதாகும்போது எங்கள் தொழிற்சாலையில் இரத்த தான முகாம் நடத்தினார்கள். நான்தான் முதல் ஆளாகப் போய் வரிசையில் நின்றேன். யார் யாரோ கொடுத்த இரத்தத்தில் என் மகள் உயிரோடு இருக்கிறாள், நானும் ஒரு பை கொடுத்தால் கணக்கு நேராகும் என்று ஒரு நினைப்பு. விரல் நுனியில் குத்திப் பார்த்தார்கள். எனக்கும் இரத்தம் கம்மியாம். உள்ளே மறைந்திருக்கும் அதே குறைதான் காரணம். குடிக்க ஒரு மைலோ பாக்கெட்டைக் கையில் கொடுத்து, நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்கள். நான் வாயில் போட்டு மென்ற ஆட்களெல்லாம் கட்டிலில் படுத்து இரத்தம் கொடுத்துக்கொண்டிருக்க, நான் மைலோவோடு வெளியே வந்தேன். பெற்ற மகளுக்குக் கொடுக்க என்னிடம் ஒரு சொட்டுகூட இல்லை என்பது என்னை என்னவோ செய்துவிட்டது.

அந்த வாரம்தான் முதல் முறையாகச் சுவரொட்டி வாங்கினேன்.

ஆட்டு மண்ணீரலை நாங்கள் சுவரொட்டி என்போம். உடம்பில் இரத்தம் ஊற அதற்கு மிஞ்சி ஒன்றும் இல்லை என்பது எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. வயதுக்கு வந்த பெண்ணுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் அதைத்தான் வறுத்துக் கொடுப்பார்கள். மிஸ்ஸி சொன்னது மருத்துவமனைப் பேச்சு, இது அனுபவம் என்று நானே எனக்குத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். என் மகளுடைய மண்ணீரலே அப்போது வீங்கித்தான் இருந்தது. அதன் மேல் ஆட்டினுடையதையும் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மனைவி கோயிலில் பிள்ளைகளுக்குச் சமய வகுப்பு எடுக்கப் போவாள். மூத்தவளும் கூடவே போய்விடுவாள். வீட்டில் நானும் சின்னவளும்தான். மோட்டாரில் அவளை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு பாசாருக்குப் போவேன். ஆட்டிறைச்சி விற்கும் பாய் எங்களைக் கண்டதும் வாழை இலையில் சுற்றி வைத்ததை எடுத்து நீட்டுவார். “பாப்பாவுக்குன்னு எடுத்து வெச்சேன் அண்ணே, வேற யார் கேட்டும் குடுக்கல,” என்பார். வீட்டுக்கு வந்து சின்ன வெங்காயம், மிளகு போட்டு, நல்லெண்ணெயில் நானே பெரட்டுவேன். எனக்குச் சமைக்கத் தெரிந்தது அது ஒன்றுதான். சின்னவள் விரலை நக்கி நக்கிச் சாப்பிடுவாள். பிறகு சட்டியைக் கழுவி, ஜன்னலைத் திறந்து வைத்து, ஊதுவத்தி கொளுத்திவிடுவோம். “அம்மாகிட்ட சொல்லக் கூடாது” என்பது எங்கள் இரண்டு பேருக்கும் பெரிய விளையாட்டு.

இத்தோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. வகுப்புக்குப் போகும் முன் என் மனைவி மாத்திரையைக் கரைத்து மேசை மேல் வைத்துவிட்டுப் போவாள். பிளாஸ்டிக் கரண்டியால்தான் கலக்குவாள், உலோகம் படக்கூடாது என்று. அந்தக் கலங்கல் தண்ணீரைக் கண்டாலே சின்னவளுக்குக் குமட்டும், வயிற்றை வலிக்கும். குடித்துவிட்டால் அரை மணி நேரம் காத்திருக்கவும் வேண்டும், சுவரொட்டி ஆறிப்போகும். ஒரு நாள்தானே என்று அதைச் சிங்க்கில் ஊற்றினேன். அடுத்த ஞாயிறும் ஊற்றினேன். மாத்திரைக்கும் ஞாயிற்றுக்கிழமை லீவு என்று சொல்லி இரண்டு பேரும் சிரிப்போம். அப்புறம் பள்ளி விடுமுறை, பொது விடுமுறை என்று அந்த லீவு நீண்டுகொண்டே போனது. என் மனைவி இல்லாத காலையெல்லாம் எங்களுக்கு லீவுதான்.

சின்னவளுக்கு ஏழு வயது நடக்கும்போது டாக்டர் எங்களை உட்கார வைத்து எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை பற்றிச் சொன்னார். உடன்பிறந்தவரின் மஜ்ஜை பொருந்தினால், அதைக் கொஞ்சம் எடுத்து இவளுக்கு ஏற்றலாம். அதற்கு முன் கடுமையான மருந்து கொடுத்து இவளுடைய சொந்த மஜ்ஜையை முழுக்க அழித்துவிட வேண்டும். புது மஜ்ஜை பிடித்துக்கொண்டால் இவளே இரத்தம் உண்டாக்குவாள், இனி யாருடைய இரத்தமும் தேவைப்படாது. பிடிக்காமல் போகவும் வாய்ப்பு உண்டு. வந்த மஜ்ஜை இவள் உடம்பையே எதிர்க்கலாம். பின்னால் குழந்தை பெறுவதில் சிக்கல் வரலாம். உயிருக்கே ஆபத்தும் உண்டு. எதையும் மறைக்காமல், அவசரப்படுத்தாமல், வேண்டாம் என்றால் இப்போது போலவே இரத்தம் ஏற்றிக்கொண்டு போகலாம், அதுவும் ஒரு வழிதான் என்றும் சொன்னார்.

மூத்தவளின் இரத்தத்தைச் சோதித்தார்கள். முழுப் பொருத்தம். எங்களுக்கு ஜாதகத்தில் கிடைக்காத அந்த மிச்ச இரண்டு பொருத்தமும் இவர்களுக்குக் கிடைத்துவிட்டது என்று என் மனைவி அழுதுகொண்டே சிரித்தாள். மூத்தவளுக்கு அப்போது பதினொன்று. கட்டாயம் இல்லை, உனக்கு இஷ்டம் இருந்தால்தான் என்று டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்.

வெளியே வந்தவள், “வலிக்குமாம். ஆனா தூங்க வெச்சுத்தான் எடுப்பாங்களாம். நான் குடுக்கறேன்,” என்றாள். பிறகு தங்கையைப் பார்த்து, “ஆனா இனிமே ரிமோட் என்கிட்டதான்,” என்றாள்.

அந்தச் சிகிச்சை கோலாலம்பூரில்தான். அங்கே போய் எல்லாச் சோதனையும் செய்தோம். கல்லீரலைப் படம் எடுத்துப் பார்த்த பெரிய டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். இரும்பு மிக அதிகம். இந்த நிலையில் மருந்து கொடுத்தால் கல்லீரல் தாங்குமா என்று அவருக்குச் சந்தேகம். மூன்று மாதம் ஒழுங்காக மாத்திரை கொடுத்து வாருங்கள், குறைகிறதா பார்ப்போம் என்று திருப்பி அனுப்பினார். “ஒரு நாள்கூட விடாமத்தான் குடுக்குறீங்களாக்கா?” என்று அங்கிருந்த ஒரு மிஸ்ஸி என் மனைவியைக் கேட்டார். என் மனைவி, “சத்தியமா ஒரு நாள்கூட விடல,” என்றாள்.

நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

பினாங்குக்குத் திரும்பியதும் அவள் சமையலறையில் ஒரு தமிழ்க் காலண்டரை மாட்டினாள். மாத்திரை கரைக்கும் ஒவ்வொரு காலையும் அந்தத் தேதியில் பச்சைப் பேனாவால் ஒரு சரி போட்டாள். எங்கே தப்பு செய்கிறோம் என்று தெரியாமல் தவித்தாள். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றினாள், கிளாஸை மாற்றினாள், மாத்திரை டப்பாவை வெயில் படாத அலமாரிக்கு மாற்றினாள். நான் என்ன செய்தேன்? சுவரொட்டியை மட்டும் நிறுத்தப் பார்த்தேன். இரண்டு வாரம் நிறுத்தினேன். மூன்றாவது ஞாயிறு பாசாரில் பாய் பொட்டலத்தை நீட்டினார், சின்னவள் என் முகத்தைப் பார்த்தாள், வாங்கிவிட்டேன். இரும்பைவிட இரத்தம் முக்கியம் என்று மறுபடியும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், நிறுத்தினால் அது தப்பு என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்ற பயம்தான். இப்போது எழுதும்போதுகூட வெட்கமாக இருக்கிறது.

மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் இரும்பு இறங்கவே இல்லை. இந்த முறை சாப்பாட்டைப் பற்றி விசாரிக்க ஒரு இளம் பெண்ணை அனுப்பினார்கள். சீனப் பெண், சிரித்த முகம். திங்கள்கிழமை என்ன சாப்பிட்டாய், செவ்வாய் என்ன சாப்பிட்டாய் என்று சின்னவளிடமே ஆங்கிலத்தில் கேட்டு எழுதிக்கொண்டே வந்தாள். ஞாயிறு வந்தது. சின்னவள் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். அப்புறம், அம்மாவிடம்தானே சொல்லக் கூடாது, இவளிடம் சொல்லலாம் என்று முடிவு செய்துவிட்டாள் போலிருக்கிறது. “சண்டேன்னா சுவரொட்டி! அப்பா பெரட்டிக் குடுப்பாரு,” என்றாள் பெருமையாக.

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. அது என்ன என்று என் மனைவியைக் கேட்டாள். என் மனைவிதான் அதை ஆங்கிலத்தில் சொல்லியாக வேண்டும். “ஆட்டினுடைய…” என்று ஆரம்பித்து நிறுத்தினாள். மெல்ல என் பக்கம் திரும்பினாள். என்னைப் பார்த்துக்கொண்டே மிச்சத்தைச் சொல்லி முடித்தாள். அந்தப் பெண்ணின் பேனா நின்றுவிட்டது. எத்தனை நாளாக என்று கேட்டாள்.

“ரெண்டு வருஷமா,” என்றேன்.

சுவரொட்டியோடு விட்டிருக்கலாம். ஏதோ பாசத்தில் செய்துவிட்டார் என்று எல்லாரும் தலையை ஆட்டியிருப்பார்கள். சிங்க் விஷயம் எனக்கும் சின்னவளுக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. ஆனால் என் மனைவி கைப்பையிலிருந்து அந்தக் காலண்டர் தாள்களை எடுத்து மேசை மேல் வைத்திருந்தாள், டாக்டரிடம் காட்டுவதற்காக. தாள் முழுக்கப் பச்சைச் சரி. அதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா உட்கார முடியவில்லை.

“ஞாயித்துக்கெழம மாத்திரையும் நான் குடுக்கல. லீவு நாள்லயும் குடுக்கல. சிங்க்கில ஊத்திட்டேன்,” என்றேன். “இவ ஒழுங்காத்தான் குடுத்தா. இவ மேல ஒரு தப்பும் இல்ல.”

பெரிய டாக்டர் வந்து எல்லாவற்றையும் கேட்டார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். நானாக இருந்தால் கத்தியிருப்பேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, இரும்பில் பெரும்பகுதி ஏற்றிய இரத்தத்திலிருந்து வந்ததுதான், சுவரொட்டியிலிருந்து வந்தது கொஞ்சம்தான், ஆனால் விட்ட மாத்திரைகள்தான் பெரிய இழப்பு என்றார். பிறகு, இப்போது காரணம் தெரிந்துவிட்டது, காரணம் தெரியாமல் இருப்பதுதான் எனக்குக் கஷ்டம் என்றார். பழுதுபார்க்கிறவன் பேச வேண்டிய பேச்சு அது. நான் ஒரு நாளும் அப்படிப் பேசியதில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் என் மனைவி சிவப்புப் பேனாவை எடுத்தாள். காலண்டரில் இருந்த ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமைச் சரியையும் பொறுமையாக அடித்தாள். அதற்கப்புறம் பல நாள் என்னோடு பேசவில்லை. என் சாப்பாட்டுத் தட்டு மூத்தவள் கை வழியாகத்தான் வந்தது. “அந்த மிஸ்ஸி அம்மாவைக் கேக்கும்போது நீங்க சும்மா இருந்தீங்கல்ல,” என்று மூத்தவள் மட்டும் ஒரு நாள் சொன்னாள். அதற்கு எந்தத் தே தாரேயும் போதாது.

இரும்பை இறக்க மாத்திரையோடு ஒரு சின்னப் பம்ப்பும் கொடுத்தார்கள். கைக்குள் அடங்கும் பெட்டி. வயிற்றுத் தோலுக்கடியில் மெல்லிய ஊசி குத்தி, அதன் வழியாக மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடிய விடிய ஏற்றும். வாரத்தில் ஐந்து நாள். அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். வேலை முடிந்து பாலத்தைத் தாண்டி வீட்டுக்கு வந்ததும், குளித்துவிட்டு, கையை முழங்கை வரை தேய்த்துக் கழுவிக்கொண்டு சின்னவள் பக்கத்தில் உட்காருவேன். ஆள் உயர இயந்திரத்தையெல்லாம் பிசகாமல் பிரித்துப் போட்டவன் நான். அந்த ஊசி முதல் முறை பிசகிவிட்டது, அவள் வீறிட்டாள். இரண்டாம் மாதம் அவள் கார்ட்டூனிலிருந்து கண்ணை எடுக்காமல் சட்டையைத் தூக்கிக் காட்ட ஆரம்பித்தாள்.

ஒரு நாள் காலையில் கழிவறையிலிருந்து, “அப்பா, ஓடி வாங்க! தே ஓ மாதிரி வருது!” என்று கத்தினாள். ஓடிப்போய்ப் பார்த்தேன். பால் கலக்காத தேநீரின் நிறத்தில் சிறுநீர் போயிருந்தது. இரும்பு வெளியேறினால் அப்படித்தான் போகும் என்று மிஸ்ஸி சொல்லியிருந்தார். எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அப்பாவும் மகளும் கழிவறையில் நின்றுகொண்டு கை தட்டினோம். சத்தம் கேட்டு என் மனைவி எட்டிப் பார்த்தாள். அன்றைக்கு என் சாப்பாட்டுத் தட்டை அவளே கொண்டுவந்து வைத்தாள்.

பாசாரில் பாயிடமும் விஷயத்தைச் சொன்னேன். மனிதர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். “தெரியாமப் போச்சே அண்ணே, நானும்ல சேர்ந்து குடுத்திருக்கேன்,” என்று ரொம்ப நேரம் புலம்பினார். நான்தான் அவரைத் தேற்றும்படி ஆகிவிட்டது.

ஒன்றரை வருஷம் போனது. ஒவ்வொரு சோதனையிலும் இரும்பு இறங்கிக்கொண்டே வந்து, கடைசியில் பெரிய டாக்டர் சரி என்றார். நான் இரண்டு மாதம் லீவு போட வேண்டியிருந்தது. நான் திட்டித் தீர்த்த ஆட்கள்தான் என் ஷிஃப்டைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். “போய்ட்டு வாங்கண்ணே, நீங்க இல்லாதது கொஞ்சம் நிம்மதியாவும் இருக்கும்,” என்றான் ஒருவன். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

கோலாலம்பூர் மருத்துவமனையில் என் மனைவி மட்டும் சின்னவளோடு கண்ணாடி அறைக்குள் இருந்தாள். நானும் மூத்தவளும் பக்கத்தில் வாடகை அறை எடுத்துத் தங்கினோம். மருந்து ஏற ஏறச் சின்னவளின் முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. பழனிக்கு வேண்டிக்கொண்டதாக நினைத்துக்கொள் என்று கண்ணாடிக்கு வெளியிலிருந்து போனில் சொன்னேன். “அப்போ காது குத்தும் உண்டா?” என்று கேட்டாள். குரலில் தெம்பு இல்லை, ஆனாலும் கேட்டாள்.

மூத்தவளை மயக்கி, இடுப்பு எலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்தார்கள். அன்று சாயங்காலமே இடுப்பைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்து கண்ணாடி முன்னால் நின்றாள். உள்ளே ஸ்டாண்டில் ஒரு பை தொங்கிக்கொண்டிருந்ததை அவளுக்குக் காட்டினேன். மாதாமாதம் பார்த்த இரத்தப் பை மாதிரியேதான் இருந்தது. இதற்காகவா இவ்வளவும் என்று எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. மூத்தவளுக்கு அப்படி இல்லை. பை காலியாகும் வரை பார்த்த திருப்தி முகத்தில் தெரிந்தது. “என் எலும்புலேருந்து வந்ததுலா அது. இனிமே அவ என்னை எதுத்துப் பேசட்டும், பாக்கறேன்,” என்றாள்.

இரண்டாவது வாரத்தில் சின்னவளின் கல்லீரல் வீங்கியது. வயிறு உப்பி, கண் மஞ்சளாகி, எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது பார்த்த அதே முகம் திரும்பி வந்தது. பழைய இரும்பு இருந்த கல்லீரல், எதிர்பார்த்ததுதான், மருந்து கொடுக்கிறோம் என்றார்கள். நான் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து ஞாயிற்றுக்கிழமைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். என் மனைவி உடை மாற்றிக்கொண்டு வெளியே வந்தாள், பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“நீங்க வேணும்னு செய்யலன்னு எனக்குத் தெரியும்,” என்றாள். “சுவரொட்டி குடுத்ததுகூட எனக்குப் பெருசு இல்ல. அன்னிக்கு அந்த மிஸ்ஸி என்னைக் கேட்டப்போ நீங்க வாயத் தொறக்கல பாருங்க. ஊரையே திட்டற வாய் அது. அதான் எனக்குத் தாங்கல.”

“தப்புதான். மன்னிச்சிரு,” என்றேன். அந்த வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதாக ஞாபகம் இல்லை. அவள் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு மறுபடியும் உள்ளே போனாள்.

நான்கு நாளில் வீக்கம் வற்றத் தொடங்கியது. அடுத்த வாரம் இரத்தச் சோதனையில் புது அணுக்கள் எட்டிப் பார்த்தன. முதலில் மிகக் கொஞ்சம். மறுநாள் அதைவிடக் கூட. சுவரில் ஒட்டிய தாளில் மிஸ்ஸி தினமும் அந்த எண்ணை எழுத, சின்னவள் படுக்கையிலிருந்தே எட்டிப் பார்ப்பாள். மூத்தவளின் மஜ்ஜை தங்கையின் எலும்புக்குள் குடியேறிவிட்டது என்று டாக்டர் வந்து சொன்ன அன்று, என் மனைவி கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து அழுதாள். நானும் அழுதேன். மூத்தவள் மட்டும், “நாந்தான் சொன்னேனே,” என்றாள்.

இப்போது சின்னவளுக்குப் பத்து வயது. ஒரு வருஷம் பள்ளிக்கூடம் போகவில்லை, முகமூடியோடு வீட்டிலேயே இருந்தாள். பிறந்த குழந்தைக்குப் போடுவது போல் தடுப்பூசிகளையெல்லாம் மறுபடியும் போட ஆரம்பித்திருக்கிறார்கள். ஆனால் யாருடைய இரத்தத்தையும் அவளுக்கு இப்போது ஏற்றுவதில்லை. நாள் எண்ணிச் சோபாவில் சுருண்டு படுப்பது நின்றுவிட்டது. மூத்தவளோடு ரிமோட்டுக்குச் சண்டை மட்டும் நிற்கவில்லை.

பழைய இரும்பு இன்னும் மிச்சம் இருக்கிறது. அதை இறக்க இனிப் பம்ப் வேண்டாம், இரத்தத்தையே எடுத்துவிடலாம் என்றார்கள். அவள் உடம்பு புது இரத்தம் செய்ய, கல்லீரலில் கிடக்கும் இரும்பை எடுத்துக்கொள்ளுமாம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வரச் சொன்னார்கள். போன மாதம் முதல் முறையாகப் போனோம். பினாங்கில் அதே வார்டு, அதே சாய்வு நாற்காலி, அதே தமிழ் மிஸ்ஸி. ஸ்டாண்டின் உச்சியில் தொங்க வேண்டிய பை, காலியாக, நாற்காலிக்குக் கீழே கிடந்தது. மிஸ்ஸி ஊசி குத்தினார். குழாயில் சிவப்பு ஓடி, கீழே இருந்த பையில் இறங்கியது. எட்டு வருஷமாக மேலிருந்து கீழே அவளுக்குள் இறங்கியதைப் பார்த்துப் பழகிய எனக்கு, அவளிடமிருந்து இறங்குவதைப் பார்க்க என்னவோ போல் இருந்தது.

போதுமான அளவு வந்ததும் மிஸ்ஸி குழாயை அடைத்து, பையை எடுத்துக்கொண்டு மூலையில் இருந்த மஞ்சள் தொட்டியை நோக்கி நடந்தார்.

“மிஸ்ஸி, அதை என்ன செய்யப் போறீங்க?”

“வீசிடுவோம் அண்ணே. இதை வேற யாருக்கும் ஏத்த முடியாது.”

நான் எழுந்துவிட்டேன். “வீசாதீங்க!” என்று என்னையும் அறியாமல் கத்தினேன். வார்டில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எத்தனை பேர் வரிசையில் நின்று கொடுத்த இரத்தம் இந்த நாற்காலியில் இறங்கியிருக்கிறது, ஒரு பைக்காக எத்தனை நாள் காத்திருந்திருக்கிறோம், மைலோ பாக்கெட்டோடு திரும்பி வந்த நாள், எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தது. என் மனைவி என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

சின்னவள் முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திக்கொண்டு, தெரியாத வேலையில் தலையிடும் புது ஆளை நான் பார்ப்பது போலவே என்னைப் பார்த்தாள்.

“போகட்டும்பா,” என்றாள். “எனக்குத்தான் ஊறுதே.”

நான் உட்கார்ந்தேன். மிஸ்ஸி பையைத் தொட்டியில் போட்டு மூடியைச் சாத்தினார்.